ஒரே டிவியில் செட்டாப் பாக்ஸ், ஸ்டிக், ஹோம் தியேட்டர் எல்லாம்: நம் கடற்கரை வீடுகளுக்கான இணைப்பு வழிகாட்டி

இராமேசுவரம், பாம்பன், மண்டபம் தொடங்கி தேவிபட்டினம், தொண்டி வரை ஒரு பக்கம், பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி வரை இன்னொரு பக்கம், எந்த வீட்டுக் கூடத்திலும் இப்போது டிவிக்குக் கீழே நாலைந்து பெட்டிகள் இருக்கின்றன. கேபிள் செட்டாப் பாக்ஸ், இணையத்தில் படம் பார்க்க ஒரு ஸ்டிக், துபாயிலிருந்து மச்சான் கொண்டுவந்த சவுண்ட் பார், முன்பு வாங்கிய ஹோம் தியேட்டர், பிள்ளைகளின் கேம் பெட்டி. தனித்தனியாகப் போட்டால் எல்லாம் ஓடும். சேர்த்துப் போட்டால் ஒன்றில் படம் வராது, இன்னொன்றில் சத்தம் வராது.

எங்கள் வீட்டில் இதையெல்லாம் ஒழுங்காக இணைத்து முடிப்பதற்குள் தேவையில்லாத ஒயர்களுக்கும் கன்வெர்ட்டர்களுக்கும் நிறையப் பணம் போய்விட்டது. உங்களுக்கு அந்தச் செலவு வேண்டாம். இணைப்பு முறை எல்லா ஊருக்கும் ஒன்றுதான். ஆனால் உப்புக் காற்றும் கரண்டும் நம் பக்கத்தில் செய்யும் வேலை வேறு. அதனால் அவற்றுக்கும் இடம் கொடுத்தே எழுதியிருக்கிறேன்.

1. எதையும் வாங்கும் முன் டிவியின் பின்பக்கத்தைப் படம் எடுங்கள்

போனில் டார்ச் போட்டு, டிவியின் பின்பக்கத்திலும் பக்கவாட்டிலும் உள்ள எல்லாத் துளைகளையும் தெளிவாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாடல் எண் உள்ள ஸ்டிக்கரையும் எடுங்கள். கடைக்குப் போகும்போது இந்தப் படங்கள்தான் பேச வேண்டும். "தட்டையா, அகலமா ஒரு ஓட்டை இருந்துச்சு" என்று சொன்னால் கடைக்காரர் தனக்குத் தோன்றியதைத்தான் கொடுப்பார்.

பார்க்க வேண்டியவை இவை. படமும் சத்தமும் ஒரே ஒயரில் போகும் எச்.டி.எம்.ஐ. துளைகள் எத்தனை, அவற்றில் எதன் பக்கத்தில் 'ஏ.ஆர்.சி.' அல்லது 'இ.ஏ.ஆர்.சி.' (டிவியின் சத்தத்தை ஸ்பீக்கருக்கு அனுப்பும் வசதி) என்று எழுதியிருக்கிறது. சின்னச் சதுரமாக, மூடி போட்ட ஆப்டிக்கல் துளை உண்டா. மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று ஏ.வி. துளைகள் தனித்தனியாக இருக்கின்றனவா, அல்லது ஹெட்போன் துளை போல ஒரே ஒரு சின்ன வட்டம் மட்டும் உள்ளதா. யு.எஸ்.பி. எத்தனை.

அந்த ஒற்றை வட்டத் துளை இருந்தால், டிவி வாங்கிய அட்டைப் பெட்டியில் அதற்கென ஒரு குட்டி ஒயர் வந்திருக்கும். அதைத் தேடி எடுங்கள். கடையில் பார்க்க அதே மாதிரி இருக்கும் வேறு ஒயரில் உள்ளே இணைப்பு வரிசை மாறியிருக்கலாம். படம் இல்லாமல் உறுமல் சத்தம் மட்டும் வந்தால் அதுதான் காரணம். மஞ்சள் பின்னை எடுத்துச் சிவப்பு வாயில் சொருகிப் பாருங்கள், சில நேரம் படம் வந்துவிடும். இன்னும் சில டிவிகளில் மஞ்சள் துளையே தெரியாது. பச்சையும் மஞ்சளும் கலந்த நிறத்தில் ஒரு துளை இருக்கும், மஞ்சள் பின் அதில்தான் போக வேண்டும்.

2. தாளில் ஒரு கணக்கு போடுங்கள்

ஒரு தாளில் இடது பக்கம் உங்கள் பெட்டிகளை எழுதுங்கள். வலது பக்கம் டிவியில் உள்ள துளைகளை எழுதுங்கள். கோடு போட்டு இணையுங்கள். கோடு கிடைக்காமல் நிற்கும் பெட்டிக்கு மட்டும்தான் புதிதாக ஏதாவது வாங்க வேண்டியிருக்கும்.

ஏ.ஆர்.சி. துளையைச் சவுண்ட் பாருக்கு ஒதுக்கிவிடுங்கள், அதில் வேறு எதையும் சொருகாதீர்கள். கேம் பெட்டிக்கும் 4கே (எச்.டி.யைவிடத் துல்லியமான படம்) ஸ்டிக்குக்கும் டிவியின் நல்ல துளைகளைக் கொடுங்கள். பல டிவிகளில் எல்லாத் துளையும் ஒரே திறன் கொண்டவை இல்லை, '4கே 60' என்று எழுதியது ஒன்றிரண்டுதான் இருக்கும். செட்டாப் பாக்ஸுக்கு எந்த எச்.டி.எம்.ஐ. துளையும் போதும். பழைய டிவிடி பிளேயருக்கு ஏ.வி. போதும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். கேபிள்காரத் தம்பி வந்து, எச்.டி. பெட்டியைக்கூட அந்த மூன்று நிற ஒயரிலேயே மாட்டிவிட்டுப் போவது நம் ஊர்களில் சாதாரணம். அவர் கையில் இருப்பது அந்த ஒயர்தான். அப்படி மாட்டினால் எச்.டி. சேனலுக்குப் பணம் கட்டியும் பழைய தரத்தில்தான் படம் வரும். பெட்டியின் பின்னால் எச்.டி.எம்.ஐ. துளை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஒயரை மாற்றுங்கள். இல்லையென்றால் அது எஸ்.டி. (பழைய தரப்) பெட்டி, மூன்று நிற ஒயர்தான் அதற்கு வழி.

3. சத்தம் எந்த வழியாக வரவேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

படத்தை இணைப்பது சுலபம். ஆட்கள் திணறுவது சத்தத்தில்தான். செட்டாப் பாக்ஸிலிருந்து ஹோம் தியேட்டருக்கு ஒரு ஒயர், டிவிடியிலிருந்து இன்னொன்று, ஸ்டிக்குக்கு ப்ளூடூத் என்று ஆளுக்கொரு வழி வைத்தால், ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று ரிமோட்டைத் தேட வேண்டியிருக்கும். வீட்டில் பெரியவர்கள் வெறுத்துப்போய் எல்லாவற்றையும் அணைத்துவிடுவார்கள்.

நான் சொல்வது இதுதான்: எல்லாப் பெட்டியும் டிவிக்குள் போகட்டும். டிவியிலிருந்து ஒரே ஒரு ஒயர் மட்டும் ஸ்பீக்கருக்குப் போகட்டும். பெட்டி எதுவானாலும் சத்தம் ஒரே இடத்தில் வரும். இதற்கு நான்கு வழிகள் உண்டு, மேலிருந்து கீழாகத் தேர்ந்தெடுங்கள்.

முதல் வழி ஏ.ஆர்.சி. சவுண்ட் பாரில் 'எச்.டி.எம்.ஐ. அவுட்' என்றோ 'டிவி' என்றோ எழுதிய துளையிலிருந்து டிவியின் ஏ.ஆர்.சி. துளைக்கு ஒரு எச்.டி.எம்.ஐ. ஒயர். இதில் டிவி ரிமோட்டிலேயே சத்தம் கூட்டலாம், குறைக்கலாம். டிவியை அணைத்தால் பாரும் அணையும். ஆனால் டிவி செட்டிங்கில் சி.இ.சி. என்ற வசதியை இயக்கினால்தான் பெரும்பாலான டிவிகளில் இது வேலை செய்யும். அதற்குச் சாம்சங்கில் எனிநெட் பிளஸ், எல்.ஜி.யில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க் என்று பெயர். பெயர் தெரியாமல் தேடினால் கண்ணில் படாது.

இரண்டாவது ஆப்டிக்கல். ஒளியில் சத்தம் போகும் ஒயர் இது. 5.1 சத்தம் (ஐந்து ஸ்பீக்கருக்கும் ஒரு பேஸ் பெட்டிக்கும் தனித்தனியாக வருவது) தாராளமாகப் போகும். இரண்டு முனையிலும் பிளாஸ்டிக் தொப்பி இருக்கும், அதைக் கழற்றிவிட்டுச் சொருகுங்கள். ஒயரைக் கூர்மையாக மடித்து ஆணியில் மாட்டினால் உள்ளே முறிந்துவிடும். உலோகத் தொடுமுனை இல்லாததால் உப்புக் காற்று இதை ஒன்றும் செய்யாது. அதனாலேயே நம் பக்கத்துக்கு இது எனக்கு மிகவும் பிடித்த வழி.

மூன்றாவது, பழைய ஹோம் தியேட்டர் வைத்திருப்பவர்களுக்கு. அதில் வெள்ளை, சிவப்புத் துளைகள் மட்டுமே இருக்கும். புதிய டிவியிலோ ஆப்டிக்கல் மட்டும் இருக்கும். இடையில் ஒரு சின்ன 'ஆப்டிக்கல் டு ஏ.வி. ஆடியோ' கன்வெர்ட்டர் வேண்டும். அதை மாட்டியும் சத்தமே வரவில்லை என்றால் கன்வெர்ட்டரைத் திருப்பிக் கொடுக்க ஓடாதீர்கள். டிவியின் சவுண்ட் செட்டிங்கில் டிஜிட்டல் அவுட்புட் 'ஆட்டோ' என்றோ 'டால்பி' என்றோ இருக்கும், அதை 'பி.சி.எம்.' என்று மாற்றுங்கள். மலிவான கன்வெர்ட்டர்களுக்கு டால்பி புரியாது. இந்த ஒரு செட்டிங் தெரியாமல் நல்ல கன்வெர்ட்டரைக் குப்பையில் போட்டவர்கள் இருக்கிறார்கள்.

நான்காவது ஹெட்போன் துளை. வேறு எதுவும் இல்லாதபோது இது கைகொடுக்கும். டிவியின் சத்தத்தை முக்கால் அளவில் வைத்துவிட்டு, ஹோம் தியேட்டரின் ரிமோட்டில் கூட்டிக் குறையுங்கள். சத்தம் இரண்டு பக்கமாகத்தான் பிரிந்து வரும். ஐந்து ஸ்பீக்கரிலும் ஒலித்தாலும் அது உண்மையான 5.1 ஆகாது.

ப்ளூடூத்தை நான் நான்கிலும் சேர்க்கவில்லை. பாட்டுக் கேட்க நன்றாக இருக்கும். படத்தில் உதடு அசைந்த பிறகு குரல் வருவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

4. வாங்க வேண்டியவையும் விலையும்

தாளில் கோடு கிடைக்காத பெட்டி இருந்தால் மட்டும் இந்தப் பகுதிக்கு வாருங்கள். விலைகள் தோராயமானவை, கடைக்குக் கடை மாறும்.

எச்.டி.எம்.ஐ. ஒயர், ஒன்றரை அல்லது இரண்டு மீட்டர்: 200 முதல் 500 ரூபாய். உறையில் 'ஹை ஸ்பீட்' என்றோ, 4கே-க்கு 'பிரீமியம் ஹை ஸ்பீட்' என்றோ இருக்க வேண்டும். எச்.டி. செட்டாப் பாக்ஸுக்கு ஆயிரக்கணக்கில் ஒயர் விற்பார்கள், தேவையில்லை. ஐந்து மீட்டருக்கு மேல் சாதாரண ஒயரை இழுக்காதீர்கள், 4கே படம் விட்டு விட்டு வரும்.

எச்.டி.எம்.ஐ. ஸ்விட்ச், மூன்று உள்ளே ஒன்று வெளியே: 400 முதல் 1,500 ரூபாய். டிவியில் துளை போதாதபோது இதுதான் வேண்டும். கவனம், ஸ்பிளிட்டர் வேறு, ஸ்விட்ச் வேறு. ஸ்பிளிட்டர் ஒரு பெட்டியின் படத்தை இரண்டு மூன்று டிவிக்குப் பிரித்துக் கொடுப்பது. ஸ்விட்ச் பல பெட்டிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஒரு டிவிக்குக் கொடுப்பது. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். நான் ஸ்விட்ச் கேட்ட கடையில் ஸ்பிளிட்டரைக் கொடுத்தார்கள். மாட்டிப் பார்த்து, வேலை செய்யாமல் திரும்பப் போனால், உறை பிரித்ததை மாற்ற முடியாது என்றார்கள். பெட்டியில் 'இன்புட் 3, அவுட்புட் 1' என்று இருப்பதைக் கடையிலேயே படித்துப் பாருங்கள்.

ஸ்விட்சில் ரிமோட்டோ பட்டனோ இருப்பதை வாங்குங்கள். தானாக மாறும் வகை நம் வீட்டுக்கு ஒத்துவராது. செட்டாப் பாக்ஸை அணைத்தாலும் அது சிக்னல் விட்டுக்கொண்டே இருக்கலாம். ஸ்விட்ச் அதையே பிடித்துக்கொண்டு நிற்கும். இணையப் படங்களை 4கே-யில் பார்ப்பதாக இருந்தால் 'எச்.டி.சி.பி. 2.2' என்று எழுதியிருக்க வேண்டும். இல்லாத ஸ்விட்சில் மெனு எல்லாம் தெரியும், படம் தொடங்கியதும் திரை கறுத்துவிடும்.

பழைய குழல் டிவியில் ஸ்டிக் போட வேண்டும் என்றால் 'எச்.டி.எம்.ஐ. டு ஏ.வி.' கன்வெர்ட்டர், 400 முதல் 700 ரூபாய். பழைய டிவிடியைப் புது டிவியில் போட 'ஏ.வி. டு எச்.டி.எம்.ஐ.'. இவை இரண்டு தனிப் பெட்டிகள், ஒன்றைத் திருப்பி மாட்டினால் மற்றது ஆகாது. பெயரில் முதலில் வருவது உங்கள் பெட்டியிலிருந்து கிளம்பும் பக்கம்.

இராமேசுவரம் தீவுக்குள் இந்தச் சில்லறைச் சாமான்கள் எல்லாக் கடையிலும் கிடைக்காது. இராமநாதபுரம் போய்வர ஒரு வழிக்கு 55 கிலோமீட்டர் அளவுக்கு ஆகும். அதனால் பட்டியலை முழுதாக எழுதிக்கொண்டு ஒரே தடவையில் வாங்குங்கள். இணையத்தில் ஆர்டர் போட்டால் ஓரிரு நாள் கூடுதலாகக் கணக்கு வையுங்கள். நாளை விருந்தாளி வருகிறார் என்று இன்றைக்கு ஆர்டர் போடாதீர்கள்.

5. கரண்டைச் சரிபார்த்துவிட்டு இணைப்புக்கு வாருங்கள்

ஒவ்வொரு பெட்டியின் அடியிலும் அடாப்டரிலும் உள்ள எழுத்தைப் படியுங்கள். '100-240 வோல்ட்' என்று இருந்தால் சாயங்கால வோல்டேஜ் ஏற்ற இறக்கத்தை அது பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். இப்போதைய எல்.இ.டி. டிவிகளில் பலவும் இந்த வகைதான். '230 வோல்ட்' என்று மட்டும் போட்டிருக்கும் பழைய, கனமான ஹோம் தியேட்டருக்குத்தான் ஸ்டெபிலைசர் அதிகம் தேவை. டிவிக்கான ஸ்டெபிலைசர் 1,500 முதல் 2,500 ரூபாய்க்குள் கிடைக்கும்.

வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டிகளுக்கு இன்னும் கவனம் வேண்டும். துபாய், கத்தார், குவைத், சிங்கப்பூர், மலேசியா சாமான்களில் தட்டையான மூன்று பின் பிளக் இருக்கும், நம் வட்டத் துளையில் போகாது. எல்லோரும் வாங்குவது அந்தப் பல நாட்டு அடாப்டர். அது தொளதொளவென்று ஆடும், பொறி பறக்கும், நாளடைவில் உருகும். பெட்டியின் பின்னாலிருந்து கழற்றக்கூடிய பவர் கார்டாக இருந்தால், நம் ஊர் பிளக் உள்ள அதே வகைக் கார்டு 100, 150 ரூபாய்க்குக் கிடைக்கும், அதை மாற்றிவிடுங்கள். லேபிளில் '110' அல்லது '120' என்று மட்டும் இருந்தால் நேரடியாகச் சொருகவே கூடாது, அந்த நொடியே எரிந்துவிடும். டிவிடி பிளேயர் கொண்டுவந்திருந்தால் மண்டலப் பூட்டு இருக்கலாம். இந்தியத் தட்டு மண்டலம் 5, வளைகுடா 2, சிங்கப்பூர், மலேசியா 3. பிளேயர் பழுதில்லை என்றாலும் தட்டு ஓடாது.

அடுத்தது எர்த். டிவியின் பின்பக்கத்தைத் தொட்டால் சுர்ரென்று கடிக்கிறதா? கேபிள்காரரின் ஒயர் முனையைத் தொட்டால் கடிக்கிறதா? அப்படியானால் எர்த் சரியில்லை, அல்லது கேபிள் ஒயரில் எங்கிருந்தோ கரண்ட் கசிகிறது. அந்த நிலையில் எச்.டி.எம்.ஐ. ஒயரைச் சொருகினால் டிவியின் துளையோ செட்டாப் பாக்ஸின் துளையோ செத்துப்போகலாம். ஒரு துளை போனால் மதர்போர்டையே மாற்றச் சொல்வார்கள், டிவி விலையில் பெரும்பகுதி அதிலேயே போய்விடும். உப்பு ஊறிய மண்ணில் எர்த் கம்பி சீக்கிரம் அரித்துப்போகும். மேலே எல்லாம் சரியாகத் தெரிந்தாலும் அடியில் கம்பி இருக்காது. "அண்ணே, பிளக் பாயிண்டுல எர்த் வருதான்னு மீட்டர் வெச்சுப் பாருங்க" என்று எலக்ட்ரீஷியனிடம் குறிப்பாகக் கேளுங்கள். டெஸ்டர் எரிவதை மட்டும் காட்டினால் அது எர்த் சோதனை ஆகாது.

தெரு முழுக்க வோல்டேஜ் குறைவாக இருந்தால் மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-இல் புகார் பதிவு செய்யலாம். மீட்டர் அட்டையில் உள்ள மின் இணைப்பு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

6. இணைக்கும் நாள்

பகல் வெளிச்சத்தில், அரை நாள் ஒதுக்கிச் செய்யுங்கள். மாதாந்திர மின் பராமரிப்பு நாளில் தொடங்காதீர்கள், மாட்டியதைச் சோதிக்க முடியாது. சுவரில் டிவியை மாட்டுவதாக இருந்தால், மாட்டும் முன்பே ஒயர்களைப் பின்னால் சொருகிவிடுங்கள். மாட்டிய பிறகு கை போகாது.

எல்லாப் பிளக்கையும் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். கேபிள் அல்லது டிஷ் ஒயரையும் கழற்றுங்கள். பிறகு எச்.டி.எம்.ஐ., ஆப்டிக்கல், ஏ.வி. ஒயர்களை ஒவ்வொன்றாக இணையுங்கள். ஒவ்வொரு ஒயரின் இரண்டு முனையிலும் வெள்ளை டேப் ஒட்டி 'கேபிள்', 'ஸ்டிக்', 'கேம்' என்று எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து நீங்கள் ஊரில் இல்லாத நேரம் வேறொருவர் பார்க்கும்போது உதவும். அடுத்துக் கேபிள் ஒயர், கடைசியாகத்தான் கரண்ட். எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் ஆன் செய்யாமல் டிவி, சவுண்ட் பார், அப்புறம் ஒவ்வொரு பெட்டியாகப் போட்டுப் பாருங்கள்.

ஸ்டிக்குக்கு அதனோடு வந்த அடாப்டரிலிருந்தே கரண்ட் கொடுங்கள். டிவியின் யு.எஸ்.பி. துளையில் சொருகினாலும் எரியும், ஆனால் அந்தத் துளை பெரும்பாலும் அரை ஆம்பியர்தான் தரும். படம் பாதியில் ஸ்டிக் அணைந்து அணைந்து எரிகிறது என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

7. செட்டிங்கில் கை வைக்க வேண்டிய இடங்கள்

ஒவ்வொரு துளைக்கும் டிவியிலேயே பெயர் மாற்றும் வசதி இருக்கும். 'எச்.டி.எம்.ஐ. 2' என்பதை 'ஸ்டிக்' என்று மாற்றுங்கள். படத்தின் ஓரம், செய்திச் சேனலில் ஓடும் எழுத்து வெட்டுப்பட்டால் 'ஜஸ்ட் ஸ்கேன்' அல்லது 'ஸ்கிரீன் ஃபிட்' போடுங்கள். செட்டாப் பாக்ஸ் மெனுவில் படத்தரத்தை 1080 என்று தேர்ந்தெடுங்கள். பலவும் 576-இலேயே இருக்கும், யாரும் மாற்றுவதில்லை. 4கே பெட்டி மாட்டிய துளைக்கு டிவியில் 'என்ஹான்ஸ்டு', 'யு.எச்.டி. கலர்' என்று ஒன்றைத் தனியாக இயக்க வேண்டியிருக்கும்.

இணையம்: எச்.டி. படத்துக்கு 5 எம்.பி.பி.எஸ். வேகம், 4கே-க்குக் குறைந்தது 15 வேண்டும். எச்.டி.யில் ஒரு மணி நேரம் பார்த்தால் 3 ஜி.பி. வரை போகும். போன் ஹாட்ஸ்பாட்டில் ஸ்டிக் ஓட்டுபவர்கள் படத்தரத்தைக் குறைத்து வையுங்கள், இல்லையென்றால் நாளுக்கு 2 ஜி.பி. திட்டம் ஒரு படம் முடியுமுன் தீர்ந்துவிடும். தீவுப் பக்கம், குறிப்பாகத் தனுஷ்கோடி பக்கம் இருப்பவர்கள் போனில் ரோமிங்கை அணைத்து வைப்பது நல்லது. இலங்கைச் சிக்னலைப் பிடித்துக்கொண்டால் பில் எங்கேயோ போகும்.

8. உப்புக் காற்றுக்குச் செய்ய வேண்டியவை

மதுரையில் பல ஆண்டு உழைக்கும் ஒயர் இங்கே அவ்வளவு நாள் உழைக்காது. மற்ற ஊர்க்காரர்கள் எழுதும் குறிப்புகளில் இது இருக்காது. கடலிலிருந்து சில தெரு தள்ளியிருந்தாலும் காற்று வீட்டுக்குள் வரத்தான் செய்யும். பின்களில் பச்சையாகக் களிம்பு பூக்கும். முதலில் படத்தில் வெள்ளைப் புள்ளிகள் மின்னும், அப்புறம் சத்தம் அறுபடும், பிறகு 'நோ சிக்னல்'. கழற்றி மறுபடி சொருகினால் சரியாகும், சில நாளில் திரும்ப வரும். இப்படி நடந்தால் பெட்டி பழுது என்று முடிவு கட்டாதீர்கள். களிம்பை முதலில் சுத்தம் செய்யுங்கள்.

எல்லாப் பிளக்கையும் பிடுங்கிவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் மெல்லிய பிரஷ்ஷை நனைத்து ஒயரின் முனையைத் துடையுங்கள். டிவியின் துளைக்கு எலக்ட்ரானிக் கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே, கொஞ்சமாக. கால் மணி நேரம் காய விடுங்கள். தேங்காய் எண்ணெய், உப்புத்தாள், ஊக்கு எதுவும் வேண்டாம். உப்புத்தாளால் தேய்த்தால் தங்க முலாம் போய்விடும், அதன்பின் களிம்பு இன்னும் வேகமாக ஏறும். பச்சை ஆழமாக ஏறிய ஒயரைத் தூக்கிப் போடுங்கள். அதைச் சொருகிச் சொருகி டிவியின் துளையைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

பயன்படுத்தாத துளைகளுக்கு ரப்பர் மூடி வாங்கிப் போடுங்கள், மிகவும் மலிவு. டிவியைக் கடல் பார்த்த சன்னலுக்கு நேரே வைக்காதீர்கள். ஆடி மாதக் கச்சான் காற்றில் உப்போடு மணலும் வரும். ஓடிக்கொண்டிருக்கும் டிவியைத் துணி போட்டு மூடக் கூடாது, சூடு வெளியேறாது. அணைத்து ஆறிய பிறகு மூடலாம். ஈரத்துணியால் துடைப்பதும் வேண்டாம். உபரி ஒயர்களை ஜிப் உறையில், மருந்து டப்பாவிலும் செருப்புப் பெட்டியிலும் வரும் சிலிக்கா பொட்டலத்தோடு போட்டு வையுங்கள்.

மொட்டை மாடியில் டிஷ் இருந்தால் அதன் முனையில் ஒயர் சேரும் இடம்தான் பலவீனம். ரப்பர் உறை போட்டு, தண்ணீர் புகாத டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள். அப்போதுதான் மழைத் தண்ணீர் வழிந்து இறங்கும், உள்ளே போகாது. போல்ட்டுகள் துருப்பிடிக்காத ஸ்டீலாக இருக்கட்டும். இதை வடகிழக்குப் பருவமழை பிடிக்கும் முன், புரட்டாசிக்குள் முடித்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மாடி ஏறிச் செய்ய ஆள் கிடைப்பது கஷ்டம்.

இடி இடிக்கத் தொடங்கினால் பிளக், கேபிள் ஒயர், இணைய ஒயர் மூன்றையும் கழற்றுங்கள். ஸ்பைக் பஸ்டர் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். கேபிள் ஒயர் வழியாக வரும் மின்னலை அது தடுக்காது.

9. காகிதங்கள்

டிவி வாங்கும்போது ஜி.எஸ்.டி. எண், மாடல் எண், சீரியல் எண் மூன்றும் உள்ள பில் வேண்டும் என்று கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிக்கும் வரி 28-லிருந்து 18 சதவீதமாகிவிட்டது. பில்லில் அதைச் சரிபாருங்கள். பில் இல்லாமல் கொஞ்சம் குறைத்துத் தருகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள், வாரண்டிக்குப் போகும்போது முதலில் கேட்பது பில்லைத்தான். வெயிலில் மங்கும் பில் காகிதம் என்றால் அன்றைக்கே படம் எடுத்து வையுங்கள். வாரண்டி அட்டையில் கடை முத்திரையும் தேதியும் வேண்டும்.

டிவி வீட்டுக்கு வந்ததும் அட்டைப் பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள். பல நிறுவனங்கள் தங்கள் ஆள் வந்துதான் பிரிக்க வேண்டும் என்கின்றன, உங்கள் பில்லிலோ பெட்டியிலோ அது எழுதியிருக்கும். எங்கள் பக்கத்துக்கு அந்த ஆள் வர இரண்டு மூன்று நாள் ஆவது உண்டு. பொறுத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் வாங்கிய சவுண்ட் பாருக்கு இங்கே வாரண்டி கிடைக்கும் என்று எண்ணிக்கொள்ளாதீர்கள். சர்வதேச வாரண்டி என்று எழுத்தில் இருந்தால் மட்டும் கேளுங்கள்.

கேபிள் இணைப்புக்கு, அரசு கேபிளோ தனியாரோ, விண்ணப்பப் படிவம் ஒன்று நிரப்புவார்கள். அதன் நகலையும், கொடுத்த பணத்துக்கு ரசீதையும் வாங்குங்கள். பெட்டி எண்ணை எழுதி வையுங்கள், சேனல் வராதபோது முதலில் அதைத்தான் கேட்பார்கள். ஆதார் நகல் கொடுத்தால் அதன் குறுக்கே 'கேபிள் இணைப்புக்கு மட்டும்' என்று தேதியோடு எழுதிக் கொடுங்கள்.

வாடகை வீட்டைக் காலி செய்யும்போது செட்டாப் பாக்ஸ், ரிமோட், அடாப்டர் மூன்றையும் கேபிள்காரரிடம் ஒப்படைத்து, பெட்டி எண்ணுடன் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அடுத்து வருபவர் இணைப்புக் கேட்கும்போது பாக்கி உங்கள் பெயரில் நிற்கும். கடையோ நிறுவனமோ வாரண்டியை மறுத்தால், பில்லின் படத்தையும் பழுது தெரியும் வீடியோவையும் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். புகார் எண் கொடுப்பார்கள், அதை பில்லின் பின்பக்கத்திலேயே குறித்து வையுங்கள்.